ஒன்றரைக் கல் தோட்டம்

கெஸினா எங்கள் சந்துக்குக் குடிவந்த அன்று முதல் வேலையாக வாசற்படியைக் கழுவினார். பெட்டிகள் இன்னும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. படி முடிந்ததும் கதவு, கதவு முடிந்ததும் சன்னல், சன்னல் முடிந்ததும் முகப்புச் செங்கல் சுவர். கை எட்டாத உயரத்துக்கு நீளக் கம்பில் கட்டிய துடைப்பம் வந்தது. எதிர் வீட்டு ரென்ஸ்கே காப்பிக் கோப்பையோடு தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"படகுக்காரங்கடா இவங்க. இன்னும் அரைமணி நேரம் இங்கேயே நின்னோம்னா நம்ம ரெண்டு பேரையும் சோப்புப் போட்டுத் தேச்சுடுவாங்க."

ரென்ஸ்கே பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவார், போட்ட எடையை உரக்கவும் சொல்லிவிடுவார். இந்த முறை சரியாகவே போட்டிருந்தார்.

கெஸினா பிறந்ததே சரக்குப் படகில்தான். ரைன் நதியில் நிலக்கரி ஏற்றிப் போன அப்பாவின் படகு. நடை பழகியதும் இடுப்பில் ஒரு வார் கட்டி, அதன் மறுமுனையைத் தளத்திலிருந்த இரும்பு வளையத்தில் மாட்டிவிட்டார்கள். தண்ணீரில் விழாமலிருக்கப் படகுக் குழந்தைகள் எல்லோருக்கும் அதுதான் காவல். ஏழு வயதில் கரையில் விடுதிப் பள்ளி. பதினாறு வயதில் மறுபடியும் அப்பாவின் படகு. இருபத்தொன்றில் லூபெர்ட்டோடு கல்யாணம், அதாவது இன்னொரு படகு. அவருக்குப் பிறந்த பெண்ணும் பையனும் அதுபோன்ற வளையத்திலேயே கட்டுண்டு வளர்ந்து, அதே ஏழு வயதில் அதே மாதிரி விடுதிக்குப் போனார்கள். அவர்களை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிய திங்கட்கிழமைகளைப் பற்றி மட்டும் கெஸினா பேசமாட்டார். மற்ற எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார்.

"பாசல் பாத்திருக்கேன், டூயிஸ்பர்க் பாத்திருக்கேன், கென்ட் பாத்திருக்கேன்," என்று ஒருமுறை சொன்னார். "ஆனா எல்லா ஊரையும் முதுகுப் பக்கமாத்தான் பாத்திருக்கேன் தம்பி. கரி குவிச்ச இடம், தானியக் கிடங்கு, பாரந்தூக்கி. ஒரு ஊருக்கும் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

படகு பழசாகிவிட்டது. புதிய இயந்திரம் பொருத்தினால்தான் ஓட்டலாம் என்றானபோது விற்றுவிட்டு எங்கள் டெவென்டர் ஊரில் இந்த வீட்டை வாங்கினார்கள். லூபெர்ட் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மாடிச் சன்னலிலிருந்து ஆறு தெரிய வேண்டும். தெரிந்தது. இரண்டு கூரைகளுக்கு நடுவே, பலகை அகலத்துக்கு ஐஸல் நதி. லூபெர்ட் ஒரு நாற்காலியை அங்கே போட்டார், தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டினார், நாள் முழுக்க அங்கேயே இருந்தார். கடந்துபோகும் ஒவ்வொரு படகின் பெயரையும் கீழே சமையலறையில் இருக்கும் மனைவிக்குக் கத்திச் சொன்னார். அறுபத்து மூன்று வயதில் உடம்பு இரும்பாக இருக்க, செய்வதற்கு ஒன்றுமில்லாத மனிதர்.

இந்த நிலையில்தான் லூபெர்ட்டின் அண்ணன் மகன் வெஸ்ஸெல் போன் செய்தான். அவனும் படகுக்காரன். அவன் மகளுக்கு ஏழு வயதாகப்போகிறது. மகளை விடுதியில் விட மனமில்லாமல் அவன் மனைவி குழந்தையோடு கரைக்கு வந்துவிடப் போகிறாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் படகில் அவன் தனி ஆள். சித்தப்பாவும் சித்தியும் வந்து படகின் பின்பக்கத்துக் குடியிருப்பில் தங்கிக்கொண்டு கூட ஓட்டினால் என்ன?

லூபெர்ட் அன்றைக்கே மூட்டை கட்டத் தயார். கெஸினா தயாராக இல்லை.

"எனக்கு ஒரு தெரு வேணும்," என்றார். "நாலு பருவமும் ஒரே தெருவுல இருந்து பாக்கணும். அப்புறம் செத்தாலும் பரவாயில்ல."

அந்த வசந்தத்தில்தான் நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்து அவர் வீட்டு வாசல் சுவரை ஒட்டிய நடைபாதைக் கற்களைப் பெயர்த்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் தோட்டமில்லாத வீடுகளுக்கு அது ஒரு சலுகை. கேட்டால் சுவரோரமாக ஒன்றரைக் கல் அகலத்துக்குத் தரையைத் திறந்துவிடுவார்கள். அதற்குமேல் ஓர் அங்குலம் தரமாட்டார்கள், தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போக இடம் வேண்டும். எல்லோரும் அதில் ரோஜா வைப்பார்கள், இல்லையென்றால் உயரமாக வளரும் செம்பருத்தி மாதிரியான பூச்செடி வைப்பார்கள்.

பெயர்த்த இடத்தைக் குனிந்து பார்த்த கெஸினா ஏமாந்துபோனார். "இதுதானா மண்ணு? மஞ்சளா இருக்கே."

"இது மண்ணே இல்லை," என்றேன். கல் பாவுவதற்காகக் கொட்டிய ஆற்று மணல். மண்ணைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படித்தவன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ட்ரென்டெ மாநிலத்தில் மாட்டுப் பண்ணையில் கூலி வேலை பார்க்கும் என் அப்பா, பட்டமளிப்பு விழாப் படத்தைப் பால் வண்டிக்காரரிடம்கூடக் காட்டியிருக்கிறார். அவரிடம் போனில் சொன்னேன். சனிக்கிழமையே இழுவை வண்டி நிறைய மக்கிய சாணத்தோடு வந்து சந்து முனையில் நின்றார். மணலை முழங்கால் ஆழத்துக்கு அள்ளிவிட்டுச் சாணத்தையும் தோட்ட மண்ணையும் கலந்து நிரப்பினோம்.

சந்து முழுக்க நாற்றம். ரென்ஸ்கே மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார். "எதிர் வீட்டம்மா, அப்படி என்னத்த வைக்கப்போறீங்க, பசு மாடா?"

"பரங்கி," என்றார் கெஸினா.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லூபெர்ட் சிரித்த சிரிப்பில் காப்பி சட்டையில் சிந்தியது. "பரங்கியா! இந்த இடத்துல? என் பூட்ஸே இதைவிட அகலம். பரங்கி கொடி விட்டா எங்க போகும்னு தெரியுமா உனக்கு?"

"மேல போகும்."

"அது தரையில படர்ற சாதிடி."

"தரை இல்லைன்னா சுவர்ல படரட்டும். நான் மட்டும் தரையில வளந்தேனா?"

லூபெர்ட் கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் சட்டையைத் துடைத்தார். பிறகு, தொலைவில் எதையோ பார்க்கிறவர் போலச் சொன்னார்: "சரி. பந்தயம் வைப்போம். பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள இதுல ஒரு காய் நிக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. நின்னுச்சுன்னா நான் வாயே திறக்கல, இங்கேயே கிடக்கேன். நிக்கலைன்னா வெஸ்ஸெல் படகுக்குப் போறோம்."

"பிஞ்சு உழுந்துட்டா கணக்கு கிடையாது," என்றார் கெஸினாவே.

"கிடையாது. நிக்கணும்."

கெஸினா கை நீட்டினார். இருவரும் கைகுலுக்கியதை ரென்ஸ்கேயும் நானும் என் அப்பாவும் பார்த்தோம். அப்பா ஊருக்குத் திரும்பும்போது கேட்டார்: "அந்தம்மா தோத்துட்டா வீட்டையே வித்துடுவாங்களா?" விற்றுவிடுவார்கள் என்றேன். "அப்ப இன்னொரு வண்டி சாணம் கொண்டாரவா?" என்றார்.

பெரிய காய் காய்க்கும் சாதியைச் சுவர் தாங்காது. உள்ளங்கையில் அடங்கும், தோல் ஆரஞ்சு நிறமான சிறு பரங்கி விதையை நான் வாங்கிக் கொடுத்தேன். சன்னல் விளிம்பில் தயிர்க் கிண்ணத்தில் முளைக்கவைத்து, பனி போனபின் இரண்டு நாற்றுகளை வைத்தார் கெஸினா. அவ்வளவு சின்ன இடத்தில் இரண்டுக்குச் சோறில்லை. ஒரு வாரம் கழித்து மெலிந்ததைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்க மனமில்லாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தொட்டி தேடினார்.

கொடி ஏற ஆரம்பித்ததும் சணல் கயிற்றைச் சன்னலிலிருந்து தொங்கவிட்டுக் கட்டினார். லூபெர்ட் மாடியிலிருந்து அந்த முடிச்சைப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கருவிப் பெட்டியோடு இறங்கி வந்தார். படகிலிருந்து கொண்டுவந்திருந்த எஃகுக் கம்பியை மூன்று வரிசையாக, வாசலிலிருந்து மேல்மாடிச் சன்னல்வரை, வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினார்.

"நீ யாரு கட்சி?" என்று ரென்ஸ்கே கேட்டார்.

"பந்தயம் வேற, முடிச்சு வேற," என்றார் லூபெர்ட்.

கொடி அந்தக் கம்பிகளில் ஏறிய வேகத்தைச் சந்தே வேடிக்கை பார்த்தது. தினமும் ஒரு சாண். ஜூன் முடிவில் முதல் மாடிச் சன்னல். தட்டு அகல இலைகள் செங்கல்லை முழுக்க மூடின. பக்கக் கொடிகளைக் கிள்ளிவிட்டு ஒரே கொடியாகக் கொண்டுபோகும்படி சொல்லியிருந்தேன், கெஸினா அப்படியே செய்தார். நடைபாதைப் பக்கம் ஓர் இலை நீண்டாலும் அதைப் பிடித்துக் கம்பிக்குள் செருகிவிடுவார். முன்பெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனவர்கள் நிமிர்ந்து பார்த்து நின்றார்கள். பேச்சுக் கொடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மீந்த காப்பித்தூளை உரத்துக்குக் கொடுத்தனுப்பினார். வேனில் வரும் பிள்ளைகள் "பூசணிப் பாட்டி வீடு வந்துடுச்சு" என்று கத்துவதாக ரென்ஸ்கே சொன்னபோது, "பாட்டியா? என் முடி நரைச்சதையா பாக்குதுங்க? அதுங்க மூக்க முதல்ல தொடைக்கச் சொல்லு," என்று கெஸினா சண்டைக்குப் போனார். ஆனால் முகம் பூராவும் சிரிப்பு.

பூத்தது. முதலில் ஆண் பூக்கள், மஞ்சள் மஞ்சளாக. பிறகு அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சோடு பெண் பூக்கள். முதல் பிஞ்சைப் பார்த்த அன்று கெஸினா சந்தில் இருந்த எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினார். அது நாலே நாளில் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதும் அப்படியே.

"இலை அரண்மனை மாதிரி இருக்கு," என்றார் ரென்ஸ்கே. "உள்ளதான் ராஜாவைக் காணோம்."

பிஞ்சு மஞ்சளாகி விழுகிறதென்றால் மகரந்தம் சேரவில்லை. இது எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது. இருபுறமும் செங்கல் சுவர், கீழே கல்தரை, இந்தச் சந்துக்குத் தேனீ எதற்கு வரப்போகிறது? லாவண்டர்த் தொட்டிகள் நான்கு வாங்கிவந்து பெஞ்சின் இருபுறமும் வைத்தேன். ஒரே வாரத்தில் தேனீக்கள் வந்தன. அப்படியும் பிஞ்சு விழுந்தது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. நான் குடியிருப்பது பக்கத்து வீட்டில், என் அறை அதன் பின்பக்கம். காலையில் சந்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எழுந்து, பல் துலக்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகவே ஆய்வகத்துக்கு ஓடிவிடுவேன்.

காலையில் நடந்தது இதுதான். விடிந்ததும் கெஸினா மழைநீர்ப் பீப்பாயில் பம்பை மாட்டி, குழாயைப் பிடித்து, படி, கதவு, சன்னல், சுவர் என்று வரிசையாகக் கழுவுவார். படகில் நாற்பது வருடத்துக்கு மேல் செய்த வேலை. கரித்தூளும் சிமென்ட்டுத் தூளும் ஏற்றுகிற படகில் காலைக் கழுவல் இல்லாவிட்டால் மூச்சுவிட முடியாது. இப்போது சுவர் தெரியவில்லை, பரங்கி இலைதான் தெரிந்தது. அதனால் இலையைக் கழுவினார். தெருப் புழுதி படிந்த ஒவ்வோர் இலையையும், மேலேயிருந்து கீழாக, பூவோடு சேர்த்து. பரங்கிப்பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலுக்குள் மூடிவிடும். விரிந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க அதற்குள் தண்ணீர் நின்றது. மகரந்தம் கூழாகிக் கரைந்தது. தேனீ வந்து ஈரப்பூவைச் சுற்றிவிட்டு லாவண்டருக்குத் திரும்பியது.

இதை முழுக்கப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். மாடிச் சன்னலில் தொலைநோக்கியோடு.

ஆகஸ்டு நடுவில் ஒரு மாலை. வாசல் பெஞ்சில் கெஸினாவும் லூபெர்ட்டும், எதிர்ப் படியில் ரென்ஸ்கே, நடுவே என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நான் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். கெஸினா எழுந்து கொடியைத் தடவிப் பார்த்தார். மேலேயிருந்து விழுந்து இலையில் சிக்கியிருந்த ஒரு மஞ்சள் பிஞ்சு கையோடு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"லூபெர்ட்," என்றார். "வெஸ்ஸெலுக்குப் போன் போடு. வர்றோம்னு சொல்லிடு."

"பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கே," என்றேன் நான்.

"இருந்து என்ன தம்பி? எனக்குத் தோக்கத் தெரியும். இழுத்துக்கிட்டே போனாத்தான் கஷ்டம்."

ரென்ஸ்கே கோப்பையைக் கீழே வைத்தார். "என்ன எதிர் வீட்டம்மா, நிசமாவே போறீங்களா? அப்ப நான் சாயங்காலம் வாசல்ல வந்து யாரைப் பாக்கறது? இந்தப் பட்டதாரியையா?"

லூபெர்ட் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் தேடினார். பிறகு போனைப் பையில் போட்டார்.

"காலையில குழாயப் பிடிச்சுக் கொடியக் கழுவுறியே," என்றார் தரையைப் பார்த்தபடி. "அத நிறுத்து."

"என்ன?"

"தேனீ வருது. வந்து பூவுல உக்காரப் பாக்குது. நீ தண்ணியக் கொட்டி வச்சிருக்க. எல்லாம் கரைஞ்சு போயிடுது. அதான் நிக்க மாட்டேங்குது."

நான் சங்கிலியை விட்டுவிட்டேன். எனக்குக் கிடைக்காமலிருந்த பாதி அது. "அதான்! அதேதான்!" என்று கத்தியேவிட்டேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நாளாத் தெரியும் உனக்கு?" என்று கெஸினா கேட்டார். குரல் உயரவில்லை.

"தேனீ வர ஆரம்பிச்சதுல இருந்து."

"பாத்துக்கிட்டே இருந்தியா?"

"இருந்தேன்."

கெஸினா அந்த மஞ்சள் பிஞ்சை அவர் முழங்கால்மேல் வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். லூபெர்ட் அதைத் தட்டிவிடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ரென்ஸ்கேதான் கடைசியில் வாய் திறந்தார்: "அட மனுஷா, வாயை மூடிட்டிருந்தா ஜெயிச்சிருப்பியே!"

"ஆமா," என்றார் அவர்.

ஏன் சொன்னார் என்பதைப் பிற்பாடு என்னிடம் சொல்லியிருக்கிறார். "ஜெயிக்கணும்னுதான் இருந்தேன் படிச்சவரே. ஆனா அவ 'சொல்லிடு'ன்னு சொன்னா பாருங்க, அந்தக் குரல் எனக்குத் தெரியும். பொண்ண விடுதியில விட்டுட்டு வந்தப்ப, 'கிளப்பு, படகைக் கிளப்பு'ன்னு அதே குரல்லதான் சொன்னா. அன்னிக்குக் கிளப்பிட்டேன். ரெண்டாவது தடவ கிளப்ப என்னால ஆகல."

அடுத்த சில நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. சுவரைக் கழுவுவதும் இல்லை. ஆனால் விடிந்ததும் கெஸினாவின் கை நமநமவென்றிருக்கும் போலிருக்கிறது. முதல் நாள் கதவுக் குமிழைப் பளபளவென்று தேய்த்தார். இரண்டாம் நாள் தெருவிளக்குக் கம்பத்தைக் கழுவினார். மூன்றாம் நாள் ரென்ஸ்கேயின் வேனைக் கழுவினார்.

"இன்னும் ஒரு வாரம் இவங்கள இப்படியே கோவமா வெச்சிருக்க முடியுமா?" என்று ரென்ஸ்கே என்னைக் கேட்டார்.

நாள் குறைவாக இருந்தது. நான்கு தொட்டி லாவண்டருக்கு வருகிற தேனீக்களை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. கையாலேயே மகரந்தம் சேர்க்கலாம் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன், இரண்டு பேர் காதிலும் விழும்படி. ஆண் பூவிலிருந்து பொடியைத் தொட்டுப் பெண் பூவின் நடுவில் தடவ வேண்டும், பூ விரிந்த உடனே. சிக்கல் என்னவென்றால் அந்த நேரத்தில் பெண் பூக்கள் எல்லாம் முதல் மாடிக்கு மேலேதான் இருந்தன. ஏணி வைத்தால் சந்து அடைபடும்.

மறுநாள் நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்து முன்பக்கம் வந்தேன். மாடிச் சன்னல் திறந்திருந்தது. பனியன் போட்ட லூபெர்ட் இடுப்புவரை வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை கட்டில் காலில் கட்டியிருந்ததாம். வலக்கையில் அவருடைய சவரத் தூரிகை. ஓர் ஆண் பூவுக்குள் விட்டு மெல்லச் சுழற்றி எடுத்தார். எட்டிப் பெண் பூவுக்குள் விட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குக் கண் மை தீட்டுகிறவர் மாதிரி.

எதிர்ச் சன்னல் திறந்தது. இரவு உடையில் ரென்ஸ்கே. "யோவ்! பூவுக்கெல்லாமா சவரம் பண்ணுவீங்க?"

"சத்தம் போடாதம்மா. விழுந்துடுவேன்."

"விழுங்க. கீழதான் மெத்துமெத்துன்னு சாணம் இருக்கே."

கீழே கதவு திறந்தது. கெஸினா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். கணவர் தலைகீழாக, முகம் சிவந்து, மூக்கு நுனியில் மஞ்சள் பொடியோடு. வெகுநேரம் பார்த்தார். பிறகு, அந்தச் சண்டைக்குப் பின் கணவரோடு முதல் வார்த்தை பேசினார்:

"இடது பக்கம் ஒண்ணு இருக்கு பாரு. இலைக்குப் பின்னால. குருடா!"

அன்று மூன்று பூவுக்குத் தடவினார். அடுத்த நாள் இரண்டு. அந்த வாரம் முழுக்க யாரும் கொடியைத் தொடவில்லை, பார்க்க மட்டும் பார்த்தார்கள். முதல் பிஞ்சு மஞ்சளாகவில்லை. கோலிக்குண்டு, லூபெர்ட்டின் கட்டைவிரல், கோழிமுட்டை என்று பெருத்தது. பூ உதிர்ந்த மூக்கு பச்சையாகவே இருந்தது. முஷ்டி அளவானதும் கெஸினா தன் பழைய காலுறையை வெட்டித் தூளி மாதிரி கட்டிக் காயை அதில் உட்காரவைத்தார். அந்த முடிச்சை லூபெர்ட் அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அவருக்குத் தெரியாமல் கெஸினா அதை மறுபடியும் அவிழ்த்துத் தன் இஷ்டப்படி கட்டினார். காய் விழவில்லை. அதற்குப் பின்னால் இன்னும் நான்கு நின்றன.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வெஸ்ஸெலே கூப்பிட்டான். பெஞ்சில் உட்கார்ந்து லூபெர்ட் பேசினார்.

"நாங்க வரல வெஸ்ஸெல்... பரங்கி நின்னுடுச்சு... பரங்கிடா, பரங்கி! காய்!... இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன்... டாக்டர்கிட்டயா? எதுக்கு?"

கெஸினா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "வெஸ்ஸெல், சித்தி பேசறேன். நான் வரமாட்டேன், அது முடிவு. உனக்கு நிரந்தரமா வேற ஆள் பாரு. அந்த ஆளுக்கு லீவு வேணும்னா, காய்ச்சல் வந்தா, அப்பக் கூப்பிடு. உன் சித்தப்பனை அனுப்பறேன். ஆனா திருப்பி அனுப்பிடணும்."

லூபெர்ட் திரும்பி அவரைப் பார்த்தார். "பந்தயத்துல அது இல்லையே."

"பந்தயத்துல நீ தண்ணிய நிறுத்தச் சொன்னதும்தான் இல்ல," என்றார் கெஸினா.

செப்டம்பரில் கொடி கூரைத் தகரத்தைத் தொட்டது. நுனியைக் கிள்ளிவிட்டால் காய் நன்றாகத் திரளும் என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதுதான் சரியும்கூட. ஆனால் வளருகிற நுனியைக் கிள்ள கெஸினாவுக்கு மனம் வரவில்லை. லூபெர்ட் இடத்தை அளந்து பார்த்தார். கீழே ஒன்றரைக் கல்தான், பக்கத்தில் அடுத்த வீடு, மேலே கூரை. "சந்துக்கு மேல வானம் சும்மாத்தானே கிடக்கு," என்று சொல்லிவிட்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். ரென்ஸ்கேயின் மாடிச் சுவரில் ஒரு கொக்கி அடித்துக் கம்பியைக் குறுக்கே இழுத்துக் கட்ட வேண்டும்.

"கட்டிக்கோங்க," என்றார் ரென்ஸ்கே. "ஆனா பாதியத் தாண்டி என் பக்கம் காய்ச்சதெல்லாம் எனக்கு."

"குளிர் வந்துடும், அந்தப் பக்கம் காயே வராது," என்றேன்.

"நீ சும்மா இருடா. பேரம் நடக்குது."

அக்டோபரில் வெஸ்ஸெலின் ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. லூபெர்ட் பத்து நாள் பயணமாகப் பாசலுக்குப் புறப்பட்டார். ஆரஞ்சு நிறமேறிய முதல் பரங்கியைக் கெஸினா காம்போடு அறுத்து அவர் பைக்குள் திணித்தார். அவர் சந்து முனை திரும்பும்வரை நின்று பார்த்தார். யோசித்துப் பார்த்தால், பிறந்ததிலிருந்து அன்றுதான் அவர் முதல்முறையாகத் தனியாக ஒரு வீட்டில் தூங்கினார்.

மறுநாள் காலை நான் விடுப்பில் இருந்தேன். ரொட்டி வாங்கிக்கொண்டு சந்துக்குள் நுழையும்போது ரென்ஸ்கே கெஸினாவின் கதவை முஷ்டியால் குத்திக்கொண்டிருந்தார்.

"மணி பத்தாகுது! எந்தத் திரையும் திறக்கல!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "நான் பிள்ளைகள விட்டுட்டு வந்து பாக்கறேன், மூடினபடியே இருக்கு. இந்தப் பொம்பளை விடியறதுக்கு முன்னாலயே எழுந்துடுவாளே! சன்னல உடைச்சிடட்டுமா?"

உடைக்க வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்தது. கெஸினா இரவு உடையில், தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்புப் பதிந்து நின்றார்.

"என்னாச்சு? தீப்பிடிச்சிருச்சா?"

"உங்களுக்கு என்னாச்சுன்னுதான் கேக்கறேன்! உயிரோட இருக்கீங்களா, இல்லையா?"

"தூங்கிட்டேன்."

"பத்து மணி வரைக்கும் யாராவது தூங்குவாங்களா? ஆம்புலன்ஸையே கூப்பிட இருந்தேன்!"

கெஸினா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் கோணி, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ரென்ஸ்கே அதைப் பார்த்துவிட்டு இன்னும் கோபமானார். "என்ன அழுகை? வாங்க, காப்பி போட்டு வச்சிருக்கேன். ஆறிடுச்சு, உங்களாலதான். டேய், அந்த ரொட்டியையும் எடுத்துக்கிட்டு வா."

கொக்கியில் தொங்கிய லூபெர்ட்டின் கோட்டை இரவு உடைமேல் போட்டு, தன் போனை அதன் பைக்குள் செருகிக்கொண்டு கெஸினா சந்தைக் கடந்தார். தலைக்கு மேலே, கம்பியின் நட்டநடுவில், கொடியின் நுனி அசைந்துகொண்டிருந்தது. நாங்கள் ரென்ஸ்கேயின் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியை வெட்டும்போது கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. கெஸினா வாயில் ரொட்டியோடு எடுத்தார். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே லூபெர்ட் கத்துவது எங்களுக்கே கேட்டது. காலையிலிருந்து வீட்டு எண்ணில் அடிக்கிறேன், யாரும் எடுக்கவில்லை, எங்கே தொலைந்தாய்?

"எதிர் வீட்ல இருக்கேன் லூபெர்ட்," என்றார் கெஸினா. "ஆளுங்க இருக்காங்க. அப்புறமா பேசறேன், இப்ப நேரமில்ல."